சிங்கப்பூரில் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது யார், எப்படி?

கேள்வி: என் மகன் நான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். என் கணவரும் அங்கே கப்பல் பட்டறையில் நெடுங்காலம் உழைத்துவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஊர் திரும்பினார். அடுத்த மாதம் நாங்கள் இருவரும் 15 வயது இளைய மகளும் மகனைப் பார்க்கப் போகிறோம். மூத்த மகள் கல்யாணத்துக்கு மூன்று சவரனில் ஒரு சங்கிலி, மாப்பிள்ளைக்கு ஒரு செல்போன், சில புடவைகள், இளையவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்க எண்ணம். பத்து நாள் கழித்து பஸ்ஸில் கோலாலம்பூர் சென்று தங்கை வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்தே விமானத்தில் திருச்சி திரும்புவதாகத் திட்டம். வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கடையில் கட்டிய வரியைத் திருப்பித் தருவார்களாமே, உண்மையா? தீபாவளிக்கு மகன் வாங்கி வைத்திருக்கும் சங்கிலிக்கும் என் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பில்லை மாற்றி வாங்கினால் பணம் கிடைக்கும் என்கிறார் என் நாத்தனார். அரசாங்கத்திடம் கை நீட்டுவதுபோல் எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. விளக்குங்கள்.

– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். இது சலுகையோ தானமோ அல்ல. பொருள் சேவை வரி என்பது, ஒரு பொருள் எந்த நாட்டில் பயன்படுத்தப்படுகிறதோ அந்த நாட்டு மக்களிடமிருந்து வசூலிக்கப்பட வேண்டிய வரி. சிங்கப்பூரில் வாங்கிய சங்கிலியைப் பெரம்பலூரில் உங்கள் மகள் அணியப்போகிறாள் என்றால், அதற்கான வரியைச் சிங்கப்பூர் வைத்துக்கொள்ள நியாயமில்லை. நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைப்பதும் இதே தத்துவத்தில்தான். ஆகவே தலை நிமிர்ந்து கேளுங்கள்.

சிங்கப்பூரில் இந்த வரி 1994-இல் 3 சதவீதமாகத் தொடங்கியது. 2007-இல் 7 சதவீதம், 2023-இல் 8 சதவீதம், 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். அந்த நாளில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். 9 சதவீதம் என்னும்போது விட்டுவிட மனம் வராதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ளபடியே பயணம் செய்தால் உங்களுக்கு ஒரு காசுகூடத் திரும்பி வராது. அதற்குக் காரணம் நீங்கள் வாங்கும் பொருள்கள் அல்ல, நீங்கள் வெளியேறும் வழி.

சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் இந்தத் திட்டத்தில், பொருளைச் சிங்கப்பூரிலிருந்து சாங்கி விமான நிலையம் அல்லது செலட்டார் விமான நிலையம் வழியாகக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். குறிப்பிட்ட சில சொகுசுக் கப்பல் பயணிகளுக்கும் வழி உண்டு. உட்லண்ட்ஸ், துவாஸ் பாலங்கள் வழியாக பஸ்ஸிலோ காரிலோ மலேசியாவுக்குப் போகிறவர்களுக்குக் கிடையாது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கும் கிடையாது. நம் ஊர்க் குடும்பங்கள் சிங்கப்பூரையும் மலேசியாவையும் ஒரே பயணமாகச் சேர்த்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பஸ் கட்டணம் குறைவு என்று தரைவழியே போய்விடுகிறார்கள். பஸ்ஸில் மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு பணம் பாலத்திலேயே போய்விடுவதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

உங்களுக்கு நான் சொல்லும் யோசனை இது. பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சிங்கப்பூரில் மகனோடு சில நாள், பிறகு பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கிருந்து மீண்டும் சிங்கப்பூர், கடைசியில் சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானம். நகைக்கடைக்கும் மற்றக் கடைகளுக்கும் கோலாலம்பூரிலிருந்து திரும்பிய பிறகே போங்கள். மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைய உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முதல் வாரத்திலேயே வாங்கிவிட்டால், பொருளை மகன் வீட்டில் வைத்துவிட்டு மலேசியா போய் வாருங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து, மறுபடியும் உள்ளே கொண்டுவந்தால், சிங்கப்பூருக்குள் பொருள் கொண்டு வரும் பயணியாக ஆகிவிடுவீர்கள். வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்) வரையும், அதற்குக் குறைவாகத் தங்கியவருக்கு 100 வெள்ளி வரையும்தான் அங்கே வரி விலக்கு. மூன்று சவரன் சங்கிலி அதைத் தாண்டிவிடும். தேவையில்லாத விளக்கங்கள் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொருள் நாட்டைவிட்டு வெளியேறினால் போதும் என்பதால் அவசரமே இல்லை.

அடுத்து, உங்கள் நால்வரில் யார் கேட்கலாம் என்ற விஷயம். இதில்தான் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குழம்புகின்றன.

உங்கள் மகனுக்குத் தகுதி இல்லை. பொருள் வாங்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் எவரும் இதைக் கேட்க முடியாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தங்கைக்கு வாங்கி வருகிறேன் என்றாலும் முடியாது.

உங்கள் கணவர் விஷயம் சற்று நுட்பமானது. அவர் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்பதால் ஆறு மாத விதியைத் தாண்டிவிட்டார். ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. வாங்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் 365 நாளுக்கு மேல் சிங்கப்பூரில் தங்கியிருக்கக் கூடாது. கடந்த 24 மாதத்தில் எட்டு மாதம் ஊரில், மீதிப் பதினாறு மாதம் அங்கே. நடுவில் ஒரு மாதம் விடுப்பில் வந்திருந்தாலும் கணக்கு 365-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த முறை அவர் பெயரில் எதுவும் வாங்காதீர்கள். ஊர் திரும்பி ஓராண்டு கடந்தபின் அவர் மறுபடியும் சுற்றுலாப் பயணியாகப் போனால் அவரும் கேட்கலாம். வாழ்நாளில் பாதியை அந்த ஊரின் கப்பல் பட்டறையில் கழித்தவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இளைய மகளுக்கு 16 வயது நிரம்பவில்லை. அவள் பாஸ்போர்ட்டிலும் கேட்க முடியாது. ஆக, குடும்பத்தில் தகுதி உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். கைக்கடிகாரத்தை நீங்களே வாங்கி, நீங்களே கொண்டுவந்து மகளிடம் கொடுங்கள். அதில் தவறில்லை.

இப்போது நாத்தனாரின் யோசனை. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். தீபாவளிக்கு மகன் வாங்கிய நகை, மகன் வாங்கிய நகைதான். கடைக்காரர் புதிய தேதியில் உங்கள் பெயருக்குப் பில் எழுதிக் கொடுத்தால் அது பொய் ஆவணம். அதை வைத்து விமான நிலைய இயந்திரத்தில் “நான் வாங்கினேன்” என்று நீங்கள் உறுதி கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். தகுதி இல்லாதவர்கள் வாங்கிய பொருளுக்குச் சுற்றுலாப் பயணியின் பெயரில் வரி கேட்டதற்காகச் சிங்கப்பூர் வரித் துறை ஆட்களை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கிறது. உங்களுக்காவது திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது. வேலை அனுமதியை நம்பி அங்கே வாழ்கிற பிள்ளைக்கு ஒரு வழக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். “ஊரில் எல்லாரும் செய்கிறார்கள்” என்றும் சொல்வார். சிலர் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். என்னிடம் வந்து கேட்ட ஒருவருக்கும் நான் இதைப் பரிந்துரைத்ததில்லை.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் வாங்கும் சங்கிலிக்கு மகன் தன் அட்டையைத் தேய்த்துவிட்டு “அம்மா, உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லக்கூடும். உங்கள் பணத்தில், உங்கள் கையால் கட்டுங்கள். வாங்கியவர் யார் என்ற கேள்விக்கு அப்போது ஒரே பதில்தான் இருக்கும்.

கடையில் என்ன செய்ய வேண்டும் என்பது எளிது. எல்லாக் கடைகளும் இத்திட்டத்தில் சேர்ந்தவை அல்ல. செராங்கூன் சாலையிலும் தேக்கா பகுதியிலும் நகைக்கடைக்குள் நுழையும்போதே, “சுற்றுலாப் பயணிக்கு வரி திருப்பித் தரும் வசதி உண்டா?” என்று தமிழிலேயே கேட்டுவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு கேட்பது வீண். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நகலோ, செல்போனில் எடுத்த படமோ செல்லாது. பாஸ்போர்ட்டை மகன் வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போய், பிறகு கையைப் பிசைகிறவர்கள் நிறைய. ஒரு கடையில் வரியோடு சேர்த்து 100 வெள்ளிக்காவது வாங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்து அந்த 100-ஐ எட்டலாம். காலையில் 60 வெள்ளிக்குப் புடவை, மாலையில் அதே கடையில் 45 வெள்ளிக்கு இன்னொன்று என்றால் கணக்கில் வரும். பக்கத்துக் கடைப் பில்லை இதோடு சேர்க்க முடியாது.

சாப்பாடு, ஓட்டல் அறை, வாடகைக் கார், செந்தோசாவில் எடுக்கும் டிக்கெட்டுகள் எதற்கும் வரி திரும்பாது. வாசனைத் திரவியப் புட்டியை அங்கேயே திறந்து பயன்படுத்திவிட்டால் அதுவும் போயிற்று. வியாபாரத்துக்காக வாங்குவதும், சரக்கு அனுப்பும் நிறுவனம் வழியாக ஊருக்கு அனுப்புவதும் இந்தத் திட்டத்துக்குள் வராது.

தங்கத்தில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 22 காரட் நகைக்கு அங்கே ஜி.எஸ்.டி. உண்டு, எனவே திரும்பக் கேட்க இடமும் உண்டு. ஆனால் 99.5 சதவீதத்துக்குக் குறையாத தூய்மையுள்ள, முதலீட்டுத் தங்கம் என்று ஏற்கப்பட்ட கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் அங்கே வரியே இல்லை. கட்டாத வரியைத் திரும்பக் கேட்க முடியாது. “கட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள், லாபம்” என்று யாராவது சொன்னால் நம் ஊர்ச் சுங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும்? வரியோடு சேர்த்துச் சங்கிலி 3,270 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பலரும் 3,270-இல் 9 சதவீதம் போட்டு 294 வெள்ளி என்று எதிர்பார்க்கிறார்கள். அது தவறு. சங்கிலியின் விலை 3,000, வரி 270. பில் தொகையை 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் சரியான வரி வரும். அந்த 270-ம் முழுதாகக் கைக்கு வராது. பணத்தைத் திருப்பித் தரும் வேலையைக் கடைகளின் சார்பில் செய்யும் முகவர் நிறுவனங்கள் சேவைக் கட்டணம் பிடித்துக்கொள்ளும். பிடித்தம் போக எவ்வளவு என்று கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு விலையை ஒப்பிடுங்கள். வரி திருப்பித் தரும் கடையில் செய்கூலி அதிகமாகவும், தராத கடையில் மொத்த விலையே குறைவாகவும் இருக்கலாம். மொத்தத்தில் எது மலிவு என்பதுதான் கேள்வி. திரும்ப வரும் தொகையைக் கண்டு, வாங்க நினைக்காத பொருளை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

விமான நிலையத்தில் ஒரே ஒரு வரிசைமுறையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பப்போகும் பொருள் என்றால், பெட்டியைக் கவுன்ட்டரில் ஒப்படைப்பதற்கு முன்பே, புறப்பாட்டு மண்டபத்தில் உள்ள தானியங்கி இயந்திரத்தில் கோரிக்கையைப் பதிய வேண்டும். பெட்டி உருண்டு உள்ளே போய்விட்டால், சுங்க அதிகாரி “பொருளைக் காட்டுங்கள்” என்று சொல்லும்போது காட்ட ஒன்றும் இருக்காது. கைப்பையில் கொண்டு போகும் பொருளுக்கு, குடிநுழைவுச் (இமிகிரேஷன்) சோதனையைக் கடந்த பிறகு உள்ளே இருக்கும் இயந்திரங்கள். நகையையும் செல்போனையும் எக்காரணம் கொண்டும் பெட்டியில் போடாதீர்கள். ஆகவே அவற்றுக்கு உள்ளே இருக்கும் இயந்திரம், பெட்டியில் போகும் புடவைகளுக்கு வெளியே இருக்கும் இயந்திரம்.

இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்தால் உங்கள் பெயரில் பதிவான பில்கள் திரையில் வரும். தகுதி பற்றிய சில கேள்விகள் கேட்கும். படித்துச் சொல்ல இளைய மகள் உடன் இருக்கிறாளே, பயமே வேண்டாம். ஆனால் கேள்வியைப் புரிந்துகொண்டு நீங்கள் பதில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் அவசரமாக “ஆம்” என்று தட்டிக்கொண்டே போகக் கூடாது, ஏனென்றால் அது உங்கள் வாக்குமூலம். பணம் ரொக்கமாக வேண்டுமா, கடன் அட்டைக்கு வர வேண்டுமா என்றும் கேட்கும். ரொக்கம் என்றால் குடிநுழைவுக்கு அப்பால் உள்ள பணம் தரும் கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம். அட்டை என்றால் எண்ணைச் சரியாகப் பதியுங்கள். முடிவில் ஒரு சீட்டு வரும். அனுமதி என்று இருந்தால் வேலை முடிந்தது. சுங்கச் சோதனை என்று இருந்தால் பொருள், அசல் பில், பாஸ்போர்ட், விமான டிக்கெட் ஆகியவற்றோடு பக்கத்தில் உள்ள சுங்கக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். அது சந்தேகத்தின் அடையாளம் அல்ல, பதற வேண்டியதில்லை. திருச்சி விமானத்துக்கு வழக்கமாகப் போவதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். நேரமில்லாமல் பணத்தை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கணக்கு. திருச்சியில் இறங்கியதும் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் நகை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு உரியது. சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் உங்களுக்கு அது பொருந்தாது. 24 கிராம் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தீர்வை கட்ட வேண்டிய பொருள் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சிவப்பு வழிக்குச் சென்று, பில்லைக் காட்டி, உரிய தீர்வையைக் கட்டுங்கள். மறைத்துப் பிடிபட்டால் நகையே பறிபோகலாம், அபராதமும் வரலாம். தங்கக் கட்டிக்கோ சாதாரணப் பயணியின் பொதுவான தீர்வை விலக்கில்கூட இடமில்லை. எனவே சிங்கப்பூரில் திரும்பி வரும் தொகையையும் திருச்சியில் கட்ட வேண்டிய தொகையையும் ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் ஊர் நகைக்கடை விலையையும் எழுதிப் பாருங்கள். கூட்டிக் கழித்தபின் லாபம் சொற்பம் என்று தெரிந்தால் சங்கிலியைப் பெரம்பலூரிலேயே வாங்குங்கள். செல்போனும் புடவையும் மட்டும் அங்கே வாங்கினால் போதும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

மகன் வாங்கிய தீபாவளிச் சங்கிலிக்கும் இங்கே ஒரு நேர் வழி இருக்கிறது. நான்கு ஆண்டுகள் அங்கே வசித்தவர் என்பதால், கல்யாணத்துக்கு வரும்போது அவரே அதைக் கொண்டுவந்தால் 20 கிராம் சலுகையை அவர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு விதிகளில் எடையோடு மதிப்புக்கும் உச்சவரம்பு இருந்தது. அவர் புறப்படும் நேரத்தில் நடப்பில் உள்ள வரம்பை இந்தியச் சுங்கத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அதே சங்கிலியை நீங்கள் கொண்டுவந்தால் அந்தச் சலுகை போய்விடும், அது உங்கள் சாமான் ஆகிவிடும்.

போகும்போது தாலிச் சங்கிலி, வளையல் என்று நீங்கள் கணிசமாக அணிந்து போவதாக இருந்தால், திருச்சி விமான நிலையத்தில் புறப்படுவதற்கு முன் சுங்கத்திடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது எது பழையது, எது புதியது என்ற விவாதமே எழாது.

கோலாலம்பூரில் வாங்கினாலும் இதேபோல் வரி திரும்பக் கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். கிடைக்காது. மலேசியாவில் 2015-இல் வந்த ஜி.எஸ்.டி. 2018-இல் நீக்கப்பட்டு, செப்டம்பர் முதல் பழையபடி விற்பனை, சேவை வரி வந்துவிட்டது. பயணிகளுக்குத் திருப்பித் தரும் திட்டமும் அதோடு முடிந்தது. தங்கை பழைய நினைவில் ஏதாவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அங்கே வாங்குவதை அந்த விலைக்கே தகுமா என்று பார்த்து வாங்குங்கள்.

விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், கோலாலம்பூர்–திருச்சி டிக்கெட்டுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்–திருச்சி டிக்கெட் எடுக்கும்படி மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், மாற்றுவதற்கு விமான நிறுவனம் கேட்கும் கட்டணத்தையும், மேலே சொன்னபடி போட்ட வரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்போனும் புடவையும் மட்டும்தான் என்றால் மாற்றாமல் இருப்பதே நல்லதாக அமையலாம்.